தாடைக்கட்டு

பூப்போல வெந்திருந்த இட்லியைக்கூடச் சிவானுஜாவால் இடது பக்கம் ஒதுக்கித்தான் மெல்ல முடிந்தது. வலது தாடை விடிந்ததிலிருந்து விண்விண்ணென்று தெறித்தது. காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்திக்கொண்டே தட்டைத் தள்ளி வைத்தாள்.

வடிவம்மா போனை மேசையில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள்.

"பதினொரு மணிக்கு வர்றாங்களாம். சம்பந்தியம்மாவும் அந்தப் பொண்ணும்."

"எதுக்கும்மா?"

"சும்மா பாத்துட்டுப் போறோம்னு சொன்னாங்க."

பரிசம் போட நாள் குறித்த பிறகு, மாப்பிள்ளையைப் பெற்றவள் பசறையிலிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குச் சும்மா வருகிறாள் என்றால், அதை நம்ப வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் அந்த வேனில் தொடங்கியதுதான். இரண்டு குடும்பமும் சேர்ந்து கதிர்காமம் போய்த் திரும்பிய பயணத்தைத்தான் போன வாரம் பார்த்தோம். வழி நெடுகப் பாட்டும் கூத்துமாக வந்தவர்கள், வெயிலும் களைப்பும் சேர்ந்து அசந்து தூங்கினார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கிரிஷாந்தன் கழுத்தைச் சாய்த்து உறங்கினான். எல்ல ஊர் மலையேற்றத்தில் சிவானுஜாவும் கண்ணை மூடினாள். திறந்தபோது, எதிரே இருந்த சம்பந்தியம்மா ஜீவராணியின் பார்வை அவள் வாயிலேயே நிலைத்திருந்தது.

நறநறவென்று பல்லைக் கடித்திருக்கிறாள். வேன் முழுக்கக் கேட்டிருக்கிறது.

அன்றிலிருந்து பசறையிலிருந்து பேச்சு இல்லை. தினமும் காலையில் கிரிஷாந்தன் அனுப்பும் செய்தியும் "சாப்பிட்டாச்சா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுபோனது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவளுக்குப் பல் உறை ஒன்று இருந்தது. டொக்டர் இன்ஸாப் அளவெடுத்துச் செய்து கொடுத்தது. கண்ணாடி போலத் தெளிவான உறை, தூங்கப் போகும்போது மேல் வரிசையில் மாட்டிக்கொள்வது. அது வந்த பிறகுதான் அவள் தலைவலி இல்லாமல் எழும்பினாள். வடிவம்மாவுக்குத்தான் அது ஆகவில்லை. வாயில் போட்டு எடுக்கிற சாமான், எச்சில் சாமான், அதைக் கதிர்காமம் போகிற பையில் வைப்பதா? விரதம் தொடங்கின அன்று சுத்தம் பண்ணுகிறேன் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டாள். எடுத்துப் பார்த்தால் உறை அப்பளம் போலச் சுருண்டு கிடந்தது.

"கந்தனுக்கு ஆகாதது நமக்கும் வேணாம்," என்று அதைக் குப்பையில் போட்டவளும் அவளேதான்.

"அம்மா," என்றாள் சிவானுஜா. "இன்னைக்கு நாலு மணிக்கு எனக்கு கிளினிக்."

"தெரியும். போக வேணாம்."

"என்னது?"

"வாய் முழுக்க கம்பியைக் கட்டிக்கிட்டு பரிசத்துக்கு உக்காருவியா? சபையில அத்தனை பேரு பாப்பாங்க. போட்டோல வேற பளபளன்னு தெரியும். கல்யாணம் முடியட்டும், அவங்க வீட்டுச் சம்மதத்தோட போட்டுக்க."

"டொக்டர் சொன்னப்போ நீயும்தானே பக்கத்துல இருந்த?"

வடிவம்மா தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அவள் இருந்தாள், கேட்டாள். சிவானுஜாவின் மேல்வரிசையில் வலது பக்கப் பற்கள் உள்ளே சாய்ந்து முளைத்தவை. வாயை மூடும்போது ஒரே ஒரு கடைவாய்ப்பல்தான் முதலில் கீழ்ப்பல்லில் முட்டுகிறது. அங்கிருந்து தாடை வழுக்கி ஒரு பக்கமாகப் போய் உட்காருகிறது. தூக்கத்தில் கடிக்கிற கடியெல்லாம் அந்தப் பக்கம்தான் விழுகிறது. அந்தப் பல்லில் விரிசல் கண்டு அடைத்தாகிவிட்டது. போன மாதம் மடுல்சீமைப் பாதையில் உள்ள தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளுக்கு நடுவில் தாடை பூட்டிக்கொண்டது. டீச்சர் கோபத்தில் பேசாமல் நிற்கிறாள் என்று பிள்ளைகள் பயந்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

"கம்பி போட்டா கடிக்கிறதே நின்னுரும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றிருந்தார் டொக்டர். "அதுக்கு மனக்கவலை, தூக்கக் குறைவுன்னு வேற காரணங்களும் இருக்கு. ஆனா மேலயும் கீழயும் பல்லு ஒழுங்காப் பொருந்திட்டா சுமை பிரிஞ்சு போகும். இப்ப ஒரு பல்லும் ஒரு பக்க மூட்டும் மொத்தத்தையும் தாங்குது. எல்லாருக்கும் கம்பி தேவைப்படாது. உங்களுக்குக் கட்டாயம் உதவும்."

அவர் பதுளைக்கு வருவதே மாதத்தில் ஒரு நாள்தான். காத்திருப்போர் ஏராளம். இன்றைய தவணை போனால் கம்பி போட அடுத்தது வருடக் கடைசியில்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் அந்தப் பல் பிளந்து போகலாம். தாடை பூட்டிக்கொண்டு திறக்காமலே போகலாம்.

"நான் போவேன்," என்றாள் சிவானுஜா, சமையலறைப் பக்கம் பார்த்து.

வடிவம்மா குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

*

அப்பா தம்பையாவின் பாத்திரக்கடை கீழே, வீடு மேலே. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அவர். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு படியேறுவது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டுமே. வீட்டில் நடப்பதெல்லாம் வடிவம்மாவின் ராச்சியம்.

ஜீவராணி சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினாள். கையில் ஒரு பை முறுக்கு, வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம். பின்னால் மகள் பிரஷாந்தினி, தலையைக் குனிந்தபடி.

"வாங்க மதினி, வாங்க. பஸ்ல கூட்டமா?"

"கூட்டம்தான். நின்னுக்கிட்டே வந்தோம்." ஜீவராணியின் கண் அதற்குள் சிவானுஜாவின் முகத்தைத் துழாவிவிட்டது. "என்னம்மா, மெலிஞ்சிட்ட?"

"இல்ல அத்தை."

"இந்தா, நம்ம வீட்டு முறுக்கு. கடிச்சுப் பாரு."

கடிச்சுப் பாரு. சிவானுஜா ஒன்றை எடுத்தாள். எதிரே ஜீவராணி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாவின் கை முந்தானையைப் பிசைந்தது. இடது பக்கம் வைத்துக் கடித்தும், வலி வலது காதுக்குள் ஊசி குத்துவது போல ஏறியது. கண்ணில் நீர் முட்டியது. சிரித்து வைத்தாள்.

"நல்லா இருக்கு அத்தை."

பிரஷாந்தினி மட்டும் தன் தட்டிலிருந்த முறுக்கைத் தொடவே இல்லை.

சாப்பாடு ஆனது. வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாடு, பருப்பும் கத்தரிக்காயும் அப்பளமும். கிரிஷாந்தனைப் பற்றி, பசறையில் அவர்கள் இரும்புக்கடையைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசினார்கள். வேனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்த ஜீவராணி, மெதுவாக ஆரம்பித்தாள்.

"நாங்க வெயில் தாழ்ந்து போறோம் மதினி. புள்ள முகமே வாடிக் கிடக்கு. கொஞ்சம் படுத்து எழும்பட்டும்."

"எனக்குத் தூக்கம் வரல அத்தை," என்றாள் சிவானுஜா உடனே.

"படுத்தா வரும்மா. நாங்க என்ன அந்நியமா? இங்கயே உக்காந்திருக்கோம்." குரல் இறங்கியது. "எங்க வீட்டுல இப்ப இருக்கிற ஒரே ஆம்பளை எம்புள்ளைதான். அவங்க அப்பா போனதுக்கு அப்பறம் நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை பாத்துத்தான் செய்யிறது. தப்பா நெனைக்காதீங்க மதினி."

வடிவம்மாவுக்கு விளங்கிவிட்டது. சிவானுஜாவுக்கும் விளங்கிவிட்டது. வேனில் கேட்டதை இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணைத் தூங்க வைத்துச் சோதிக்கிற பரீட்சையை எந்த ஊரில் கேள்விப்பட்டிருக்கிறோம்?

*

அறைக் கதவைச் சாத்தியதும் சிவானுஜா அடக்கிய குரலில் வெடித்தாள்.

"நான் படுக்க மாட்டேன். நேரா போய் உண்மையைச் சொல்லப் போறேன். ஆமா, கடிப்பேன், அதுக்கு வைத்தியம் பாக்குறேன்னு."

"சத்தம் போடாத புள்ள. கண்ணை மூடிப் படுத்திரு, தூங்காத. அது போதும்."

"வேன்ல இருந்து வந்ததுல இருந்து நான் ஒழுங்கா தூங்கவே இல்ல. தலை வச்சா தூங்கிருவேன். உனக்கே தெரியும்."

வடிவம்மா அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த ஒரு துணியை எடுத்தாள். பழைய வேட்டியில் கிழித்த, நாலு விரல் அகலத் துணி.

சிவானுஜா பின்வாங்கினாள். "வேணாம்மா. அதை விட்டாச்சுதானே."

பல் உறை வருவதற்கு முன்பு, ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தத் துணிதான். தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு கன்னத்தோடும் ஏற்றி, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போடுவாள் வடிவம்மா. விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில்தான் கட்டுவாள். தம்பையாவுக்குத் தெரியாது. காலையில் கன்னத்தில் தடம் விழுந்திருக்கும். தலையணைத் தடம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

"இன்னைக்கு ஒரு நாள். எனக்காக."

"உனக்காகவா? கட்டினா எனக்கு இன்னும் வலிக்கும்மா. டொக்டர்கிட்ட கேளு வேணும்னா."

வடிவம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள்.

"உங்கப்பா விழுந்தாரே, அன்னைக்கு விடியக்காலையில நீ கடிச்ச கடியில நான் எழும்பி உக்காந்துட்டேன். அவ்வளவு சத்தம். பல்லைக் கடிக்கிற பொண்ணு வீட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்லும். நான் நம்பல. அன்னைக்குப் பகல் அவரைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்பறம் நான் எப்படி நம்பாம இருக்கிறது, சொல்லு?"

சிவானுஜாவுக்கு முதலில் சொற்கள்தான் காதில் விழுந்தன. பிறகுதான் பொருள் விழுந்தது. அப்பா விழுந்தது தன்னால் என்று அம்மா இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். சோறு போட்டுக்கொண்டு, தலை பின்னிவிட்டுக்கொண்டு, அதையும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"என்னாலயாம்மா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அதைத்தானே சொன்ன."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. நெஞ்சுக்குள் இருந்த தெம்பெல்லாம் வடிந்துபோனது. கட்டிலில் மல்லாந்து படுத்தாள்.

"கட்டு," என்றாள். "மூணு மணிக்கு எழுப்பிவிடு. கிளினிக்குக்குப் போவேன். அதை மட்டும் தடுக்காத."

வடிவம்மா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கண்ணீரோடு கட்டினாள்.

*

தம்பையா அன்று சாப்பாட்டுக்குப் பிந்தித்தான் வந்தார். படியேறி வந்தவர் கூடத்தில் கண்ட காட்சி விநோதமாக இருந்தது. ஜீவராணி நாற்காலியை அறைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிரஷாந்தினி போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். சமையலறையில் வடிவம்மா துடைத்த தேநீர்க் கோப்பைகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. புள்ள எங்க?"

"தூங்குது அண்ணே. சத்தம் போடாதீங்க." ஜீவராணியின் முகம் காலையில் இருந்தது போல இல்லை, இறுக்கம் தளர்ந்திருந்தது. "ஒரு மணி நேரமா நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு சத்தம் இல்ல. அன்னைக்கு வேன்ல ஏதோ களைப்பு போல. நான்தான் வீணா மனசைப் போட்டுக் கொழப்பிக்கிட்டேன்."

வடிவம்மா கதவோரம் வந்து நின்றாள். அவள் முகத்தில் உயிர் திரும்பியது. "நான் சொன்னேன்ல மதினி."

தம்பையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்பதற்குள் ஜீவராணி எழுந்துவிட்டாள். மல்லிகைச் சரத்தை இலையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

"எழும்புறப்போ தலைமாட்டுல பூ இருக்கட்டும். என் மருமகளுக்கு நான் வைக்கிறேன்."

"மதினி, வேணாம், நான் வைக்கிறேன்," என்று வடிவம்மா பாய்ந்து வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஜீவராணி அலறிய அலறல் கீழே கடை வரைக்கும் கேட்டது.

தம்பையா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் அவர் மகள் மல்லாந்து கிடந்தாள். கைகள் நெஞ்சின்மேல். தாடையிலிருந்து உச்சி வரை வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டி, தலைக்கு மேல் முடிச்சு. கீழே தரையில் மல்லிகைச் சரம்.

போன வருடம் மடுல்சீமையில் அவர் தம்பி செத்தபோது, வாய் பிளந்துவிடாமல் இப்படித் தாடையைக் கட்டியது அவர் கைதான். வேட்டியில் இதே அகலத்துக்குத்தான் கிழித்தார். இதே இடத்தில்தான் முடிச்சுப் போட்டார். செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவது.

அவர் நெஞ்சில் ஏதோ வழுக்கியது. கட்டிலைப் பிடித்து மண்டியிட்டு, அந்த முடிச்சில் விரலை நுழைத்தார். அவிழவில்லை. பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"அம்மாடி. அம்மாடி. எந்திரி."

சிவானுஜா கண்ணைத் திறந்தாள். அப்பாவின் முகத்தை இத்தனை பக்கத்தில் கண்டு திகைத்தாள்.

"அப்பா? கிளினிக்குக்கு நேரமாச்சா?"

தம்பையா அவள் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு அழுதார். கடைத்தெருவில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. வீட்டிலும் பார்த்ததில்லை.

"யாரு கட்டினது?"

பதிலுக்கு அவர் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. வடிவம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று, வெளிச்சத்தில் முதல் தடவையாக அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இத்தனை நாளும் பெற்ற மகளுக்கு எந்தக் கட்டைக் கட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதாங்க," என்றாள். "இவ பல்லைக் கடிச்ச அன்னைக்குத்தான் நீங்க விழுந்தீங்க."

தம்பையா துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். குரல் உயரவில்லை, அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"வடிவு, எனக்கு வந்தது சீனி வருத்தம். பிரஷர். எங்கப்பாவுக்கும் அதே, என் தம்பிக்கும் அதே. எங்க வீட்டுல அப்ப யாரு பல்லைக் கடிச்சா? டொக்டர் எத்தனை தடவை சொன்னாரு, நீ கேக்கல. எம்புள்ளையைப் பொணமாக் கட்டிப் போட்டு என்னைக் காப்பாத்தப் பாத்தியா?"

வடிவம்மா தரையில் உட்கார்ந்து விம்மினாள்.

ஜீவராணி இன்னும் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"பரிசம் பேசின பொண்ணை இந்தக் கோலத்துல பாத்துட்டேனே அண்ணே. நான் தாலி அறுத்தவ. இந்தக் கட்டை நான் என் வீட்டுல பாத்தவ. இதுக்கு மேல எப்படி நான் நல்ல காரியம் பேசுறது?"

சிவானுஜா கட்டிலை விட்டு இறங்கினாள். கன்னத்தில் துணியின் தடம் சிவந்து கிடந்தது. தரையில் கிடந்த மல்லிகையை எடுத்து, ஜீவராணியிடம் நீட்டினாள்.

"அத்தை, நீங்க கேக்க வந்ததை நானே சொல்லிடுறேன். நான் பல்லைக் கடிப்பேன். வேன்லயும் கடிச்சேன். இன்னைக்குக் கேக்காம போனது இந்தத் துணியாலதான். அதுக்கு வைத்தியம் இருக்கு, இன்னைக்கு நாலு மணிக்கு நான் கம்பி போடப் போறேன். பரிசத்துக்குக் கம்பியோடதான் உக்காருவேன். பிடிச்சா வாங்க, இல்லாட்டி நான் கோவிக்க மாட்டேன்."

நிறுத்தாமல் கடைசி வரை சொன்னாள். கிரிஷாந்தனை அவளுக்குப் பிடிக்கும். மிகவும் பிடிக்கும். அப்படியிருந்தும்தான் சொன்னாள்.

ஜீவராணி பூவை வாங்கிக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அது மறுபடி கீழே விழுந்தது.

"பரிசத்தைப் பத்தி நான் யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "வா பிரஷா."

*

கிளினிக்கில் டொக்டர் இன்ஸாப் அவள் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தடம்? எதால இறுக்கினீங்க?"

"துணியால கட்டிட்டாங்க டொக்டர்," என்றார் பக்கத்தில் நின்ற தம்பையா. மருந்து போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு அவரே ஓட்டோவில் கூட்டி வந்திருந்தார். "பல்லைக் கடிக்காம இருக்க."

டொக்டர் பெருமூச்சு விட்டார். "பொருந்தாத பல்லு வரிசை ரெண்டையும் கட்டி வச்சு அழுத்தினா, மூட்டுத்தான் அடி வாங்கும். கடிக்கிறது நிக்காது, சத்தம்தான் நிக்கும். இனி யாரும் கட்டக் கூடாது. கம்பிக்கு மேல போடுற மாதிரி மெதுவான உறை ஒண்ணு செஞ்சு தாறேன். அதைச் சுடுதண்ணியில போட்டுராதீங்க."

சிவானுஜாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

வேலை நீண்ட நேரம் பிடித்தது. பல்லைக் காய வைத்து, பசை வைத்து, சின்னச் சின்ன உலோகப் பொட்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினார். நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். கடைசியில் கம்பியை நுழைத்து இறுக்கினார். தம்பையா மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் அந்தத் துணி இன்னும் இருந்தது.

"பல்லு நகர நாள் எடுக்கும். ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம்," என்றார் டொக்டர். "மாசா மாசம் வரணும். முதல் ஒரு வாரம் வலிக்கும், கஞ்சி குடிங்க. இன்னொண்ணு, மனசுல இருக்கிற பயத்துக்கு என்கிட்ட கம்பி இல்ல. அதை வீட்டுல இருக்கிறவங்கதான் பாத்துக்கணும்."

"பாத்துக்குறேன் டொக்டர்," என்றார் தம்பையா.

கண்ணாடியில் பார்த்தாள் சிவானுஜா. உதடு தடித்து, வாய் நிறைய இரும்பு. அழகாக இருக்கிறோம் என்று அவள் பொய்யாக நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, இந்த வாய் தன்னுடையது என்று தோன்றியது.

வெளியே வந்தால், காத்திருப்போர் உட்காரும் வாங்கில் பிரஷாந்தினி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் வர நேரமாகும்னாங்க. அம்மாவை பஸ் ஸ்டாண்டுல உக்கார வச்சிட்டு வந்தேன். வளையல் வாங்கணும்னு பொய் சொன்னேன்." அவள் தம்பையாவை ஒரு தடவை பார்த்தாள், பிறகு துணிந்து சொன்னாள். "அண்ணி, நீங்க வேன்ல கடிச்சது நெசந்தான். ஆனா அது எல்ல ஏத்தத்துலதான். அதுக்கு முந்தி, வெல்லவாயவுல இருந்தே ஒரு சத்தம் கேட்டுச்சு. நீங்க வேன் சத்தம்னு நெனைச்சிருப்பீங்க. அது முன் சீட்டுல இருந்து வந்தது."

சிவானுஜாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. முன் சீட்டில் தூங்கியது யார்?

"அவரா?"

"சின்ன வயசுல இருந்தே கடிக்கும் எங்க அண்ணன். பக்கத்து ரூம்ல படுக்கிற எனக்குத் தெரியாதா? பல்லெல்லாம் தேஞ்சு கெடக்கு. அதனாலதான் போட்டோக்கு வாயைத் தெறந்து சிரிக்காது."

"அத்தைக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஆம்பளை கடிச்சா அது வேலைக் களைப்பாம்." பிரஷாந்தினியின் கண் கலங்கியது. "உங்களை அந்தக் கட்டோட பாத்ததுக்கு அப்பறம் என்னால சும்மா இருக்க முடியல. அண்ணனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுரும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் சிவானுஜாவின் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். கிரிஷாந்தன்.

தம்பையா நாலு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"சொல்லுங்க," என்றாள். கம்பி உதட்டில் இடறி, சொல் கொச்சையாக வந்தது.

மறுமுனையில் மூச்சுதான் கேட்டது. ஏதோ சொல்ல வந்து, நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. அம்மாவைப் பற்றிப் பேசப் போகிறானா, பரிசத்தைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று அவளுக்குத் தெரியவில்லை. காலையில் என்றால் காத்திருந்திருப்பாள்.

சிவானுஜா கிளினிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"டொக்டர் இன்னும் உள்ளதான் இருக்காரு," என்றாள். "வர்றீங்களா?"

பதில் வரவில்லை. போனை அவன் வைக்கவும் இல்லை.